நிறுத்திய தாளைக் கேளுங்கள்

கேள்வி:

ஐயா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா இறந்து பல வருடமாகிறது. தெற்கே எங்கள் கிராமத்தில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்த முதியோர் பென்ஷன் ஏழு மாதமாக வரவில்லை. வி.ஏ.ஓ.விடம் கேட்டால் ‘தாலுகாவில் கேளுங்க’ என்கிறார். தாலுகாவில் ‘ஆன்லைன்ல கட் ஆயிருக்கு, பேங்க்ல கேளுங்க’ என்கிறார்கள். பணம் கொண்டுவந்து கொடுக்கும் பேங்க் ஏஜென்ட் ‘ஆதார் பிரச்சினையா இருக்கும்’ என்கிறார். தலையாரி, ‘உங்க தம்பி சம்சாரத்துக்கு மகளிர் உரிமைத் தொகை வருதுல்ல, அதான் நிறுத்திட்டாங்க’ என்கிறார். முதல்வர் குறைதீர் எண் 1100க்குப் போன் செய்தேன். பத்து நாளில் ‘தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்தது. பணம் வரவில்லை. 3,000 ரூபாய் கொடுத்தால் மறுபடி போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். புதிதாக விண்ணப்பிக்கச் சொல்கிறார் இன்னொருவர். எங்கள் தெருவிலேயே இன்னும் நாலு பேருக்கு நின்றுபோயிருக்கிறது. இதற்கு யார் பொறுப்பு? ரொம்பக் கேட்டால் தம்பியின் பட்டா மாறுதலை இழுத்தடிப்பார்களோ என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பேர் உங்களுக்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு துண்டுத் தாள் கொடுக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, அதனால் உங்களைக் குறை சொல்லவில்லை.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். நடுவில் சில ஆண்டுகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியராக, அதாவது உங்கள் அம்மாவின் பென்ஷன் கோப்பு இருக்கிற அதே நாற்காலியில், உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

‘ஆன்லைன்ல கட் ஆயிருக்கு’ என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் எழுவாய் இல்லை. எங்கள் அலுவலகங்களில் எல்லாம் தானாகவே ஆகும். கட் ஆகும், ரிஜெக்ட் ஆகும், பெண்டிங் ஆகும், ஃபைல் மூவ் ஆகும். செய்தவர் என்று யாரும் இருக்க மாட்டார். ஆனால் கணினி தானாக எந்தக் கிழவியின் பென்ஷனையும் நிறுத்துவதில்லை. யாரோ ஒருவர் தன் பெயரிலுள்ள லாகினில் நுழைந்து ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார். அதற்கு முன்பு யாரோ ஒருவர் ‘தகுதியில்லை’ என்று அறிக்கை கொடுத்திருக்கிறார், அல்லது மேலிருந்து ஒரு பட்டியல் வந்திருக்கிறது.

பென்ஷனை அனுமதித்தது தனி வட்டாட்சியரின் ஆணை. அதை நிறுத்துவதும் அவருடைய ஆணையாகத்தான் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. அறிக்கை தருவார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார், ஆனால் முடிவின் கீழே கையெழுத்து தனி வட்டாட்சியருடையது. வங்கிக்கும் தலையாரிக்கும் அந்த அதிகாரம் கிடையாது. ஆகவே ‘யார் பொறுப்பு’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில் நேரானது: உங்கள் வட்டத்தின் தனி வட்டாட்சியர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்). அவருக்கு மேலே மாவட்டத்தில் தனித்துணை ஆட்சியர், அவருக்கும் மேலே ஆட்சியர்.

ஆனால் அவர் கதவைத் தட்டுமுன் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் வங்கிப் புத்தகத்தை, ஏஜென்டின் கைக்கருவியில் அல்ல, கிளைக்கே எடுத்துப்போய்ப் பதிவு போடச் சொல்லுங்கள். கடைசி ஓராண்டு வரவு வேண்டும். இதில் மூன்றில் ஒன்று தெரியும். பணமே வரவில்லை என்றால் துறை நிறுத்தியிருக்கிறது. வந்து திரும்பிப் போயிருந்தால் கணக்கு முடங்கியிருக்கும், கே.ஒய்.சி. கேட்டிருப்பார்கள், அதைக் கிளையிலேயே சரிசெய்யலாம். மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது: பணம் மாதாமாதம் வந்திருக்கிறது, எடுக்கப்பட்டும் இருக்கிறது, ஆனால் அம்மா கைக்கு வரவில்லை. ஏஜென்ட் ‘ரேகை விழலை பாட்டி, நாளைக்கு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போன நாட்களின் தேதியையும் பாஸ்புக்கில் பணம் எடுத்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லா ஏஜென்டும் அப்படியல்ல. மணியார்டர் காலத்தில் தபால்காரருக்குப் பத்து இருபது கொடுத்துப் பழகிய ஊர்களில் இப்போது ஏஜென்டுக்குக் கொடுக்கிறார்கள், அது ஊரறிந்த விஷயம். ஆனால் முழுத் தொகையையும் விழுங்கிய கதைகளும் உண்டு.

வேறொரு கணக்குக்குப் பணம் போகிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அங்கே போய்ச் சேரும். சுய உதவிக் குழுவுக்காகவோ சிம் கார்டு வாங்கிய கடையிலோ அம்மா பெயரில் புதுக் கணக்கு ஏதாவது திறந்திருந்தால் பணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். ரேகை விழவில்லை என்பதற்காக மட்டும் யாருடைய பென்ஷனையும் நிறுத்தக் கூடாது. உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ரேகை பொருந்தாத காரணத்தால் உண்மையான பயனாளி விடுபடக் கூடாது என்பதை 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

உங்கள் தெருவில் இன்னும் நாலு பேருக்கு நின்றிருக்கிறது என்கிறீர்கள். அதனால் துறைதான் நிறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே தெருவில் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் கணக்கு முடங்காது. ஏதோ ஒரு ‘களஆய்வு’ நடந்திருக்கிறது, அல்லது நடந்ததாகத் தாளில் இருக்கிறது.

அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். ஒரு வட்டத்தில் தனி வட்டாட்சியராக இருந்தபோது, தகுதியற்றவர்களை நீக்கிப் பட்டியலைச் சுத்தம் செய்யச் சொல்லி மேலிருந்து உத்தரவு. ஒரு வாரக் கெடு. கிராமங்களிலிருந்து பட்டியல்கள் வந்தன. ஒரே மாலையில் இருநூற்றுச் சொச்சம் பெயர்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் முன்னறிவிப்பு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து ஒரு கிழவி வந்து மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, ‘நான் என்ன தப்புப் பண்ணினேன் சாமி?’ என்று கேட்டார். கோப்பை எடுத்துவரச் சொன்னேன். அவர் பெயருக்கு எதிரே ‘மகன் வசதி’ என்று இரண்டு சொல். அந்தப் பாட்டிக்கு மகனே கிடையாது. அந்த ஊரில் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தார்கள், வசதியான மகன் இன்னொருவருக்கு. சரிசெய்ய இன்னும் இரண்டு மாதமாயிற்று. இடைப்பட்ட மாதங்களுக்கான பணத்தைத் தர ‘விதியில் இடமில்லை’ என்று எழுதி அந்தக் கோப்பை மூடியதும் நான்தான். ஏழு நாளில் ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தால், அந்தப் பாட்டி வந்து ‘எனக்கு ஏது மகன்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருப்பார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2022இல் ஹரியாணாவின் ரோத்தக்கில் 102 வயது முதியவர் ஒருவரை அரசு ஆவணம் இறந்தவராகக் காட்டி, பென்ஷனை நிறுத்திவிட்டது. அவர் மாப்பிள்ளை மாதிரி மாலை போட்டுக்கொண்டு, மேளதாளத்தோடு ரதத்தில் ஊர்வலமாகப் போய், தான் உயிரோடு இருப்பதை அதிகாரிகளுக்குக் காட்டினார். நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 102 வயதில் ரதம் ஏறாத மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் தோன்றியது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. மனு எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை, எழுதுங்கள். ஆனால் எல்லோரும் எழுதுகிற மாதிரி ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று மட்டும் எழுதினால், ‘ஆவன செய்யப்பட்டது’ என்று பதில் வரும், உங்களுக்கு வந்த மெசேஜ் மாதிரி. நிறுத்திய ஆணையின் நகலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி) ஒன்று சொல்கிறது: ஒரு பொது அதிகார அமைப்பு எடுத்த நிர்வாக முடிவுக்கான காரணத்தை, அந்த முடிவால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். யாரும் கேட்காமலே தெரிவிக்க வேண்டிய கடமை அது. உங்கள் அம்மாவுக்கு அது நடக்கவில்லை. மனுவின் முதல் வரியாக அதையே வையுங்கள்.

மனுவோடு தனியாக ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்பதற்குச் சான்று இருந்தால் அதுவும் வேண்டாம். விண்ணப்பம் அம்மா பெயரில் இருக்கட்டும், அவர் கைநாட்டோடு. நீங்கள் உங்கள் பெயரில் கேட்டால் ‘மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்’ என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று அதில் கேட்காதீர்கள். ‘கேள்வி வடிவில் உள்ளது, தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று பதில் எழுதப் பழகியவர்கள் நாங்கள். தாளைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

‘எனக்கு வழங்கப்பட்டுவந்த ஓய்வூதியம் (அனுமதி ஆணை எண் இன்னது) நிறுத்தப்பட்டது தொடர்பாக: நிறுத்திய ஆணையின் நகல், அதற்கு அடிப்படையான கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கைகளின் நகல், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், எனக்கு முன்னறிவிப்பு அனுப்பப்பட்டிருந்தால் அதன் நகலும், அதை அனுப்பியதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும், எந்த மாதம் வரை எந்தக் கணக்கு எண்ணுக்குத் தொகை அனுப்பப்பட்டது என்ற விவரம்.’

அனுப்பிய பதிவேட்டைக் கேட்பது முக்கியம். முன்னறிவிப்பை முன்தேதியிட்டு இப்போதுகூடத் தயார் செய்துவிடலாம். ஆனால் பதிவேட்டில் வரிசையாக எண் ஓடியிருக்கும், நடுவில் ஒன்றைச் செருகுவது எளிதல்ல. இதை ஒரு வட்டாட்சியர் எழுதுகிறாரே என்று என் பழைய சகாக்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தகவல் அலுவலருக்கு அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஆணையத்தில் வழக்குகள் குவிந்து கிடப்பதால் அங்கே போனால் நாளாகும். ஆனால் என் அனுபவத்தில், அம்மாவைப் போன்றவர்களின் விஷயம் அவ்வளவு தூரம் போவதில்லை. கோப்பைத் தேடி எடுக்க வேண்டிய நிலை வந்தவுடனேயே, உள்ளே காட்டத்தக்க தாள் எதுவும் இல்லை என்பது தெரிந்துவிடும். ‘அந்தப் பாட்டிக்கு மறுபடி போட்டுவிடு, கேஸை முடி’ என்று நானே சொல்லியிருக்கிறேன். சும்மா நாளைக் கடத்தவும் வேண்டாம்: எல்லாக் கோப்புக்கும் நீண்ட ஆயுள் கிடையாது. ஓராண்டு முடிவு என்று கட்டிவைத்தவற்றை ஓராண்டு கழித்து அழித்துவிடலாம்.

1100 பற்றி. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். குடிநீர்க் குழாய் உடைந்தது, தெருவிளக்கு எரியவில்லை போன்றவற்றுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. உங்களுடையது போன்ற புகாருக்கு அது ஏன் தோற்கிறது என்றால், புகார் மேலே போய், அங்கிருந்து இறங்கி, யார் மீது புகாரோ அவர் மேசைக்கே வருகிறது. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் ஆட்சியர் கேட்பது ‘நிலுவை எத்தனை?’ என்றுதான். ‘எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது?’ என்று கேட்ட ஆட்சியர்களை என் பணிக்காலத்தில் ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். நிலுவை பூஜ்யம் என்று காட்ட எளிய வழி, ‘மனுதாரருக்குத் தக்க பதில் அளிக்கப்பட்டது’ என்று பதிந்து மூடிவிடுவது. திங்கட்கிழமைக் குறைதீர் நாள் மனுக்களுக்கும், ஊர் ஊராகப் பந்தல் போட்டு வாங்கும் முகாம் மனுக்களுக்கும் இதே நோய் உண்டு. வாங்கிய மனு இத்தனை லட்சம், தீர்வு இத்தனை சதவீதம் என்று விளம்பரம் வரும்போது, அந்தத் ‘தீர்வு’ என்ற சொல்லுக்குள் உங்கள் அம்மாவின் மெசேஜும் ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

அதற்காக அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். அது இப்போது உங்கள் சாட்சி. தகவல் உரிமை விண்ணப்பத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘இந்தப் புகார் எண்ணின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்பதைக் காட்டும் அறிக்கையின் நகல்.’ நடவடிக்கை எடுத்ததாகச் சொன்னவர் அதைக் காட்டட்டும். மனுவைப் பொறுத்தவரை, மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015ஆம் ஆண்டு அரசாணை எண் 99 இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் அரசாணைக்குச் சட்டத்தின் பல் கிடையாது. மத்தியப் பிரதேசத்தில் 2010இலும் கர்நாடகத்தில் 2011இலும் சேவை உத்தரவாதச் சட்டம் போட்டார்கள். குறித்த நாளில் வேலை முடியாவிட்டால் பொறுப்பான அலுவலரின் பையிலிருந்து பணம் போகும். கர்நாடகத்தில் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. தொகை சிறிதுதான், ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் ஏறிவிடும். எங்களைப் போன்றவர்களுக்கு 500 ரூபாயைவிட அந்தப் பெயர்தான் வலிக்கும். தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் கேட்டுப் பல காலமாகிறது.

தலையாரி சொன்ன காரணத்துக்கு வருகிறேன். மருமகளுக்கு உரிமைத் தொகை வருவதால் மாமியாருக்குப் பென்ஷன் கிடையாது என்பது தவறு. தொடக்கத்தில் வெளியான விதியில் பென்ஷன் வாங்குபவர் உள்ள குடும்பம் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது என்று இருந்தது. 2023 ஆகஸ்டில், திட்டம் தொடங்கும் முன்பே, அதைத் தளர்த்தினார்கள். பென்ஷன் வாங்குபவரைத் தவிர அந்தக் குடும்பத்தின் தகுதியுள்ள வேறொரு பெண் வாங்கலாம் என்று ஆயிற்று. பழைய விதி மட்டும் பலர் வாயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோப்பிலும் அதே காரணம் எழுதியிருந்தால் உங்கள் வேலை சுலபம்.

புதிதாக விண்ணப்பிக்கலாமா என்றால், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘புதுசா ஒண்ணு போட்டுடுங்க’ என்பது கேட்க நல்ல யோசனை. போட்டால் புது ஆணை, புதுத் தேதி. பழைய தவறு இருந்த இடம் தெரியாமல் போகும், ஏழு மாதப் பணமும் அதோடு போகும். 2023இல் உயர்த்திய மாதம் 1,200 ரூபாய்க் கணக்கில் அது 8,400 ரூபாய். ஆகவே மனுவின் தலைப்பு ‘நிறுத்தப்பட்ட ஓய்வூதியத்தை நிறுத்திய தேதியிலிருந்து நிலுவையுடன் மீள வழங்கக் கோருதல்’ என்று இருக்கட்டும். அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் காசில்லை, காத்திருக்க முடியாது என்ற நிலை என்றால் புது விண்ணப்பமும் கொடுங்கள், பிடிவாதம் வேண்டாம். ஆனால் அதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள்: ‘இந்த விண்ணப்பம் என் முந்தைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டதை நான் ஏற்றுக்கொண்டதாகாது, நிலுவைத் தொகை கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.’ நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். நிலுவை கட்டாயம் கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். பலருக்குக் கிடைத்ததில்லை. கேட்காதவர்களில் ஒருவருக்குக்கூடக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு சட்டப் பின்னணியும் தெரிந்திருக்கட்டும். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த உத்தரவில், தேசிய முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அம்மாவின் பென்ஷன் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தால் இதைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். அந்தத் திட்டத்தில், அவர் வயதுக்கு, 1,200 ரூபாயில் ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய்தான். பதினைந்து ஆண்டுக்கும் மேலாக அந்த 200 அசையவில்லை. மீதியை மாநிலம் போடுகிறது. பென்ஷன் நிற்கும்போது இரண்டு அரசும் ஒன்றையொன்று காட்டுவதற்கு இந்தக் கூட்டுக் கணக்கு வசதியாக இருக்கிறது. விதவை ஓய்வூதியமாகவோ வேறு மாநிலத் திட்டமாகவோ இருந்தால் விதிகள் வேறு. அதனால் அனுமதி ஆணையை முதலில் தேடுங்கள்.

3,000 ரூபாய் கேட்டவரைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. கொடுக்காதீர்கள். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கொடுக்கும் முன்பே மாவட்ட லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்குச் சொன்னால் அவர்களே பவுடர் தடவிய நோட்டோடு வருவார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நான் உங்கள் ஊரில் குடியிருப்பவன் அல்ல.

பழிவாங்குவார்களா? உங்கள் அம்மாவின் பயம் வெறும் பயம் அல்ல. கிராமத்தில் ஒரு கோப்பை மூன்று மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் பட்டா மாறுதலை இ-சேவை மூலம் விண்ணப்பித்தால் எண்ணும் தேதியும் உங்கள் கையில் இருக்கும், முன்போல் முழுதாகப் புதைத்துவிட முடியாது. மனுக்களை நேரில் கொடுத்துச் சண்டை போடுவதைவிட, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வி.ஏ.ஓ.விடம் கோபத்தைக் காட்டாதீர்கள். மேலிருந்து வந்த எண்ணிக்கையை நிரப்பச் சொல்லி அவரையும் நெருக்கியிருக்கலாம், கண்ணில் படுகிற ஒரே ஆள் என்பதால் ஊரின் ஏச்சையெல்லாம் வாங்குவதும் அவர்தான். ‘உங்க மேல வருத்தம் இல்லை சார், ஆர்டர் காப்பி மட்டும் வேணும்’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் அவரே எந்தக் கோப்பு, எந்தப் பிரிவு எழுத்தர் என்று சொல்லிவிடுவார்.

பயத்துக்கு நல்ல மருந்து, ஐந்து பேரும் சேர்ந்து போவது. தனி மனு ஐந்தும், கூட்டு மனு ஒன்றும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபையில், ‘நம் ஊரில் கடந்த ஓராண்டில் யார் யாருக்குப் பென்ஷன் நிறுத்தப்பட்டது, என்ன காரணத்தால் என்ற பட்டியலைத் துறை சபையில் வைக்க வேண்டும்’ என்று தீர்மானம் கேளுங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு 1994இல் நடத்திய முதல் ஜன் சுன்வாயில் (பொது விசாரணையில்) செய்தது ஏறக்குறைய இதைத்தான். பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், பெயர் வரும்போது அந்த ஆள் எழுந்து ‘எனக்கு வரவில்லை’ என்றார். தகவல் உரிமைச் சட்டத்துக்கே விதை அங்கேதான் விழுந்தது. உங்கள் தலைவர் தீர்மானத்தில் எழுத மறுத்தால் கூட்டு மனுவைச் சபையிலேயே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

இரண்டு மாதம் ஆகியும் ஒன்றும் அசையாவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100க்கும் பேசலாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அவர்கள் அனுப்பும் ஒரு நோட்டீஸில் பல விஷயம் முடிந்துவிடும். அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே பெரும்பாலும் ‘மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்’ என்றுதான் உத்தரவு வரும். பரிசீலிக்கப்போவது நீங்கள் கொடுத்த அதே மனுவைத்தான். இன்றைக்கு அதை நிதானமாக எழுதுங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அனுமதி ஆணை வீட்டில் கிடைக்காமல் போகலாம், ஒன்பது வருடத்துப் பழைய தாள். அம்மாவின் டிரங்குப் பெட்டி, ரேஷன் கார்டு உறை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவர் எல்லாம் பாருங்கள். இல்லையென்றால் பாஸ்புக்கில் முதல் பென்ஷன் வரவு விழுந்த மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ஆணை எண்ணுக்குப் பதில் அந்த மாதத்தையும் ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தையும் போட்டால் கோப்பைக் கண்டுபிடிக்கப் போதும். பதில் வந்ததும் நகல் அனுப்புங்கள். குறிப்புப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம்.